ஐந்தாவது ஊசி

மழைக்காலம் முடிந்த முதல் வாரத்தில், பேக்கரிக்காரரின் மனைவிக்கு இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தபோது, படத்தில் எலும்புக்குப் பதிலாகத் துணி விழுந்தது. மங்கலாக விழவில்லை. குறுக்கு இழையும் நெடுக்கு இழையும் தனித்தனியாகத் தெரிந்தன. ஓர மடிப்பும், அதில் ஓடிய தையலும், மணிக்கட்டில் குத்திய ஊசியும்கூடத் தெரிந்தன. படம் எடுக்கும்போது அந்த அம்மாள் தன் அங்கியைக் கழற்றிச் சுவர் ஆணியில் மாட்டியிருந்தாள். தட்டின் மேல் இருந்தது மாவு வாசனை அடிக்கும் வெறுங்கை.

படம் எடுத்தவளை ஆஸ்பத்திரியில் எல்லோரும் படக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் முதலில் தன்னையே சந்தேகப்பட்டாள். இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான். எக்ஸ்ரே என்பது உண்மையில் ஒரு நிழல். சுவரில் விழும் நிழலுக்கு வெளிச்சம் எப்படியோ அப்படி இதற்கு அந்தக் கதிர். அது காற்றை லேசாகக் கடக்கும், சதையைக் கொஞ்சம் சிரமப்பட்டுக் கடக்கும், எலும்பில் தடுமாறும், உலோகத்தில் முட்டி நின்றுவிடும். கதிர் போய்ச் சேர்ந்த இடம் படத்தில் கறுக்கும், சேராத இடம் வெள்ளையாக நிற்கும். அதனால்தான் நுரையீரல் கறுப்பு, விலா வெள்ளை, விழுங்கிய காசு பளீர் வெள்ளை. துணி அந்தக் கதிருக்கு ஒரு பொருட்டே இல்லை. பத்துப் போர்வை போர்த்திப் படுத்தாலும் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே அவள் ஃபிலிம் வைக்கும் கேசட்டைத் துடைத்தாள், பழைய படத்தின் மேலேயே எடுத்துவிட்டோமோ என்று பார்த்தாள், டெவலப்பர் கரைசலைக் கொட்டிப் புதிதாகக் கலக்கினாள், மறுபடி எடுத்தாள். மறுபடியும் துணி. "என்னம்மா, ஒடஞ்சிருக்கா?" என்று பேக்கரிக்காரரின் மனைவி கேட்டபோது அவள் மூன்றாவது தடவையாகக் கேசட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த அங்கி எப்படிப்பட்டது என்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. எட்டு வருடத்துக்கு முன் சமயப் பேரவை கொண்டுவந்த விதி அது. பன்னிரண்டு வயது நிறைந்த பெண் எவளும் வீட்டு வாசலைத் தாண்டினால், உச்சந்தலையிலிருந்து கணுக்கால் வரை சாம்பல் நிற அங்கி. பொத்தான் கூடாது, பொத்தான் தானாக அவிழக்கூடும். ஊக்கு கூடாது, ஊக்கு மினுக்கும். கறுப்புத் தலை வைத்த நீளக் குண்டூசிகள்தான் குத்த வேண்டும்: தாடைக்குக் கீழே ஒன்று, தோளுக்கு ஒன்றாக இரண்டு, மணிக்கட்டுக்கு ஒன்றாக இரண்டு. துணியைச் சுற்றிப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். அப்போது ஊசியை எங்கே வைப்பது? பல்லிடுக்கில். விதி எழுதியவர்கள் யாரும் அதை உடுத்திப் பார்த்தவர்கள் இல்லை என்பதால் இந்த விஷயம் விதியில் வரவில்லை. ஆண்களுக்கும் ஒரு விதி இருந்தது. கண்ணியமாக உடுத்த வேண்டும் என்று ஒரே ஒரு வரி. அதை யாரும் அளந்ததில்லை. வெயில் காலத்தில் அவர்கள் பனியனோடு கடைக்குப் போய் வந்தார்கள்.

பெண்களை அளப்பதற்கு ஓர் அதிகாரி இருந்தார். ஆடைக் கண்காணிப்பாளர் என்பது பதவி, முழக்கோல் என்பது ஊர் வைத்த பெயர். பித்தளைப் பூண் போட்ட அளவுகோல் ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு, காலை வேளைகளில் ஆஸ்பத்திரி வாசலில்தான் நிற்பார். நோயாளிகள் அவசரத்தில் ஒழுங்காக உடுத்துவதில்லை என்பது அவருடைய வெகுநாள் மனக்குறை.

ஆஸ்பத்திரியின் ஆண்கள் எக்ஸ்ரே அறை மாடியில், குளிர்சாதனத்தோடு, புது இயந்திரத்தோடு இருந்தது. பெண்கள் அறை கீழ்த்தளத்தில், சலவை அறைக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில். மாடியில் ஓய்வு பெற்ற இயந்திரம் அங்கே மறுபடி வேலைக்குச் சேர்ந்திருந்தது. மாடி அறையில் இருந்தவன் படக்காரியின் கொழுந்தன். அவள் கணவன் கப்பலில் வேலை பார்த்து வருடத்துக்கு ஒரு தடவை தலைகாட்டுபவன் என்பதால், வீட்டில் பல்பு மாற்றுவது முதல் மகளைப் பள்ளியில் சேர்ப்பது வரை கொழுந்தன்தான் துணை. அன்று மத்தியானம் இருவருமாகச் சோதித்துப் பார்த்தார்கள். பேக்கரிக்காரரின் மனைவியை மாடிக்குக் கொண்டுபோய்ப் புது இயந்திரத்தில் எடுத்தார்கள், துணிதான். கொழுந்தன் கீழே வந்து பழைய இயந்திரத்தில் தன் கையை நீட்டினான். விரல் எலும்புகள் வரிசையாக, மோதிரம் உட்பட விழுந்தன.

"மெஷின் மேல தப்பில்ல அண்ணி. என் கையைப் பாருங்க, கல்யாணப் பத்திரிகையில போடலாம் போல இருக்கு."

"அப்போ யாரு மேல தப்பு?"

"அதைச் சொன்னா என் வேலை போயிடும்."

அந்த வாரம் முழுக்க வந்த பெண்கள் எல்லோருக்கும் துணி விழுந்தது. மாடிப்படியில் உருண்டவளுக்கும், இருமி இருமி இளைத்தவளுக்கும், வயிற்றில் கல் என்று வந்தவளுக்கும். டாக்டர்கள் வெளிச்சப் பெட்டியில் படத்தை மாட்டிவிட்டு வாயைப் பிளந்து நின்றார்கள். ஒருவர் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். சின்னப் பெண்களுக்கு மட்டும் பழையபடி எலும்பு விழுந்தது. கணுக்கால் சுளுக்கென்று வந்த ஒரு சிறுமிக்குத் திங்கட்கிழமை எடுத்த படத்தில் ஒவ்வொரு எலும்பும் மணிமணியாக இருந்தது. புதன்கிழமை மறுபடி எடுத்தபோது துணி. இடையில் செவ்வாய்க்கிழமை அவளுக்குப் பன்னிரண்டு வயது நிறைந்திருந்தது. விதி எப்படியோ படத்துக்கும் தெரிந்துபோயிருந்தது. அந்தச் சிறுமியின் அம்மா இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தவள், அப்படியே கீழ்த்தளத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொடுத்து எழுப்ப வேண்டியிருந்தது.

பேரவை ஒரு நன்றிக் கூட்டம் நடத்தியது. மேலிருந்து வந்த அங்கீகாரம் இது, உள்ளுறுப்புகளும் கட்டுப்பட்டுவிட்டன, இனி யார் முறையிட்டாலும் படைத்தவன் மீதே முறையிட்டதாகும் என்று தலைவர் பேசினார். முழக்கோல் கீழ்த்தளத்துக்கே வந்து, காய்ந்துகொண்டிருந்த படங்களை அளவுகோலால் அளந்தார். பெரும்பாலும் திருப்தி. ஒரு முதிய தையற்காரியின் படத்தில் மட்டும் கை ஓரம் இரண்டு விரற்கடை மேலேறியிருந்தது. அவளுக்கு அபராதம் விதித்தார். இடுப்பு முறிந்து படுத்திருந்த அந்த அம்மாள், "என் எலும்பு எப்ப சாமி சட்டை தைச்சுப் போட்டுச்சு?" என்று கேட்டது வார்டு முழுக்கக் கேட்டது. அபராதம் இரட்டிப்பானது.

இப்படியே இரண்டு வருடம் போயிற்று. பேக்கரிக்காரரின் மனைவிக்கு உத்தேசமாகக் கட்டுப் போட்டார்கள், கை கோணலாகக் கூடியது, அதன் பிறகு அவள் பிசைந்த ரொட்டிகள் ஒரு பக்கம் சாய்ந்தே உப்பின. தபால் நிலையத்தில் முத்திரை குத்திக்கொண்டிருந்த ஒருத்தி, நெஞ்சில் கட்டி இருப்பது யாருக்கும் தெரியாமலே செத்துப்போனாள். டாக்டர்கள் பெண்களின் முதுகில் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டுக் கணிக்கப் பழகினார்கள், பூசணிக்காய் வாங்குகிறவர்கள் தட்டிப் பார்ப்பதைப் போல. ஆண்களின் எலும்புகள் மாடியில் வழக்கம்போலச் சுத்தமாக விழுந்துகொண்டிருந்தன. மனிதர்கள் எதற்கும் பழகிவிடுவார்கள். படக்காரியும் பழகிப்போயிருந்தாள். துணிப் படத்தை உறையில் போட்டு, பெயர் எழுதி மேலே அனுப்புவாள். எதற்காக எடுக்கிறோம் என்று தன்னைக் கேட்டுக்கொள்வதை நிறுத்தி வெகுநாள் ஆகியிருந்தது.

அவளுடைய மகளுக்கு அப்போது பதினான்கு வயது. வீட்டில் வாலு என்று பெயர். எவர் குரலையும் ஒருமுறை கேட்டால் போதும், அச்சாகப் பேசிக் காட்டுவாள். தலைமை ஆசிரியை, குக்கர் விசில், கப்பலிலிருந்து போன் பேசும் அப்பா எல்லாம் அவள் தொண்டையில் இருந்தார்கள். அன்று காலை பள்ளி வேன் தெருமுனையில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. வாலு கண்ணாடி முன் நின்று, ஐந்து ஊசியையும் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு அங்கியைச் சுற்றினாள். அந்த ஊசிகளுக்கு நடுவிலேயே முழக்கோலின் குரலில் ஆரம்பித்தாள்: "ஏம்மா, கணுக்கால் தெரியுதே, எனக்குக் கண்ணு கூசுதே, ஊரே வழுக்கி விழுந்தா யாரு பொறுப்பு?" தோசைக் கரண்டியோடு எட்டிப் பார்த்த படக்காரிக்குச் சிரிப்பு பீறிட்டது. அம்மா சிரித்ததும் மகளும் சிரித்தாள். சிரிப்பதற்கு முன் மனிதர்கள் மூச்சை உள்ளே இழுப்பார்கள். அதுதான் நடந்தது. ஒரு இருமல் வந்தது. வாலு நான்கு ஊசிகளைக் கையில் துப்பினாள்.

"இன்னொண்ணு எங்கடி?"

"தெரியலம்மா. வலிக்கல. ஆனா உள்ள எங்கேயோ சில்லுனு இருக்கு."

இப்படி மூச்சுக் குழாயில் போகும் ஊசியில் ஒரு வஞ்சம் உண்டு. பட்டாணி போனால் குழாயை அடைக்கும், அடைத்த பக்கம் மூச்சுச் சத்தம் குறையும், டாக்டர் காதால் கண்டுபிடித்துவிடலாம். ஊசி மெல்லியது, காற்று அதன் இருபுறமும் தாராளமாகப் போய்வரும். உள்ளே இருப்பது வெளியே தெரியாது. தெரியும்போது குத்தியிருக்கும். மார்பு டாக்டர் வாலுவின் முதுகில் தட்டினார், குழல் வைத்துக் கேட்டார், உதட்டைப் பிதுக்கினார். அவரிடம் முனையில் கிடுக்கி வைத்த நீளக் குழாய் ஒன்று இருந்தது, அதை வாய் வழியாக விட்டு எடுத்துவிடலாம். ஆனால் எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம், கூர் மேலேயா கீழேயா என்று தெரிய வேண்டும். "தெரியாம விட்டேன்னா நானே குத்தித் தள்ளிடுவேன்" என்றார். "உங்க வேலைதான் உங்களுக்குத் தெரியுமே. படம் எடுத்தா என்ன விழும்னும் தெரியும்." எதிரில் உட்கார்ந்திருந்த வாலுவின் உதட்டோரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வந்திருந்தது.

படக்காரி மகளைத் தன் இயந்திரத்தின் முன் நிறுத்தி, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, எடுத்தாள். கேசட்டோடு இருட்டறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டாள்.

இருட்டறையில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரியும், படத்துக்கு அந்த நிறம் கண் தெரியாது. வரிசையாகத் தொட்டிகள். முதல் தொட்டியில் டெவலப்பர், அது கதிர் பட்ட இடங்களைக் கறுக்கச் செய்யும். அடுத்தது தண்ணீர். அதற்கடுத்தது ஃபிக்ஸர், அதில் போட்டால் படம் இறுகிவிடும், பிறகு அதை யாராலும் மாற்ற முடியாது. டெவலப்பரில் ஊறும்போது படத்தின் மேல்பூச்சு வெந்த ஜவ்வரிசி போல நெகிழ்ந்து கிடக்கும், நகம் பட்டால் கீறிவிடும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதலில் சொல்லித்தருவது நகம் வெட்டிக்கொள்ளத்தான். படக்காரிக்கு இரண்டு வாரமாக நகம் வெட்ட நேரம் கிடைக்கவில்லை.

படம் மெதுவாகக் கறுத்து வந்தது. அங்கி. தாடைக்கீழ் ஊசி, தோள் ஊசிகள், மணிக்கட்டு ஊசிகள், எல்லாம் பளீர் வெள்ளையாக, விதிப்படி ஐந்து. உள்ளே போனது எங்கேயோ இதற்கெல்லாம் அடியில் இருந்தது. படத்தைத் தண்ணீருக்கு மாற்றத் தூக்கியவளின் கட்டைவிரல் நகம் அங்கியின் ஓரத்தில் மாட்டியது. கீறிவிட்டோமே என்று பதறிக் கையை இழுத்தாள். பூச்சு கீறவில்லை. ஓரம் மடங்கி மேலே வந்தது. விரலால் தொட்டுப் பார்த்தாள். ஈரத்துணி.

அவள் கத்தவில்லை. கத்தினால் யாராவது கதவைத் திறப்பார்கள், வெளிச்சம் பட்டால் படம் போய்விடும். கைகள் தாமாக வேலையை ஆரம்பித்துவிட்டன. வீட்டுக்கு வந்ததும் பத்து வருடமாகத் தினம் செய்கிற வேலைதானே அது: முதலில் தாடை ஊசி, பிறகு தோள், பிறகு கை. படத்திலிருந்து ஊசியை நகத்தால் நெம்பி எடுத்தாள், அது உண்மையான ஊசியாக விரலில் நின்றது. அடுத்ததை எடுக்கக் கை வேண்டுமே என்று, பழக்க தோஷம், எடுத்ததைப் பல்லிடுக்கில் வைத்தாள். டெவலப்பரின் கசப்பு நாக்கில் ஏறிய கணத்தில் மகள் துப்பிய நான்கு ஊசிகள் நினைவுக்கு வந்தன. மூச்சை இழுக்காமல், தலையைக் கவிழ்த்து, ஊசியைத் தொட்டியில் விழவிட்டாள். மற்ற நான்கையும் ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்தாள். பிறகு இரண்டு கையாலும் துணியைப் பிடித்து இழுத்தாள். வந்துகொண்டே இருந்தது. ஒரு மார்புப் படத்திலிருந்து ஆள் உயர அங்கி வந்து தரையில் குவிந்தது. அடியில், சிவப்பு வெளிச்சத்தில், அவள் இரண்டு வருடமாகப் பார்க்காத ஒன்று இருந்தது. விலா எலும்புகள். இரு பக்கமும் ஏணிப்படி போல, ஒழுங்காக, மெல்லியதாக. வலது நுரையீரலின் கறுப்பில், கீழே, ஊசி. தலை கீழே, கூர் மேலே. படத்தை அவள் ஃபிக்ஸரில் போட்டாள்.

மார்பு டாக்டர் அதை வாங்கிய கையோடு மேஜை மேல் கவிழ்த்துவிட்டார்.

"இதை நான் பாக்கக் கூடாதும்மா."

"இது என் பொண்ணோட விலா எலும்பு டாக்டர்."

"தெரியுது. அதனாலதான் சொல்றேன். மூடாத பொண்ணு படத்தைப் பாத்தேன்னு பேரவைக்குத் தெரிஞ்சா எனக்கு என்ன ஆகும்னு தெரியும்ல?"

"பாக்கலைன்னா அவளுக்கு என்ன ஆகும்னும் உங்களுக்குத் தெரியும்ல?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே வாசலில் முழக்கோல் யாரையோ அளந்துகொண்டிருந்தார். வாலு ஒருமுறை இருமினாள், கைக்குட்டையில் சிவப்பு. டாக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "மாட்டுங்க" என்றார். வெளிச்சப் பெட்டியின் முன் போய் நின்றார். மறந்துபோன வீட்டுக்கு வந்தவர் போல, மேல் விலாவிலிருந்து கீழ் விலா வரை விரல் வைத்து எண்ணிக்கொண்டே வந்து, ஊசியில் நிறுத்தினார். சாயங்காலத்துக்குள் குழாய் உள்ளே போய் ஊசியோடு வெளியே வந்தது. சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஸ்பிரிட் ஊற்றி, ஊசியை அதில் போட்டுப் படக்காரியிடம் கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள் வாலுவை வீட்டுக்கு அனுப்பினார்கள். தொண்டை புண்ணாகி அவள் குரல் கரகரத்துக் கிடந்தது. ஆஸ்பத்திரி வாசலில் முழக்கோல் அவளை நிறுத்தி, மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"நாலுதான் இருக்கு. இன்னொண்ணு எங்க?"

"அது அவ நுரையீரல்ல இருந்துச்சுங்க" என்றாள் படக்காரி. "அதை எடுக்கத்தான் வந்தோம்."

"இப்ப எங்க இருக்கு?"

அவள் குப்பியைக் காட்டினாள். மகளின் உடம்புக்குள்ளிருந்து வந்த இரும்பைக் கண்ணால் பார்த்தால் எந்த மனிதனும் ஒரு அடி பின்வாங்குவான் என்று அவள் நினைத்திருந்தாள். அவர் குப்பியை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். தலை கறுப்பாக இருக்கிறதா, நீளம் சரியா என்று அளவுகோலை வைத்துப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

"நல்ல ஊசிதான. குத்திக்கச் சொல்லு."

வாசல் காவலாளி, பழம் விற்பவர், உள்ளே போக நின்ற வரிசை, எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட வந்திருந்த கொழுந்தன் மட்டும் "சார்..." என்று ஆரம்பித்தான், அளவுகோல் தன் பக்கம் திரும்பியதும் நிறுத்திக்கொண்டான். படக்காரி குப்பியைத் திறந்து, ஊசியை எடுத்து, தன் அங்கியில் துடைத்து, மகளின் தாடைக்குக் கீழே துணியை ஒன்றுசேர்த்துக் குத்தினாள். குத்தும்போது இருவரும் உதட்டை இறுக மூடியிருந்தார்கள். கேட் திறந்தது. தெருமுனை திரும்பியதும், புண்ணாகிய தொண்டையில், முழக்கோலே பக்கத்தில் நடந்து வருவதைப் போல, "நல்ல ஊசிதான" என்றாள் வாலு. அவ்வளவு அச்சாக அவள் அதுவரை யாரையும் பேசிக் காட்டியதில்லை. மூவரில் ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த ஊரில் உடுத்தும்போது சிரிக்கக் கூடாது என்ற பழக்கம் அந்த மாதத்திலிருந்து வந்ததுதான். இன்றும் காலை வேளைகளில் தெருக்கள் கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும்.

படத்திலிருந்து வந்த அங்கியைப் படக்காரி சலவை அறைக் கொடியில் காயப்போட்டிருந்தாள், அதனால் விஷயம் வெளியே வந்தது. பேரவை மார்பு டாக்டரைக் கூப்பிட்டு விசாரித்தது. தான் பார்த்தது பெண்ணை அல்ல, ஊசியை மட்டுமே என்றும், அது பேரவை குறித்துக் கொடுத்த ஊசியே என்றும் அவர் சொன்னார். விதிப்படியான ஊசியைப் பார்ப்பது தவறு என்று சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. பல அமர்வுகள் கூடி ஒரு தீர்ப்புக்கு வந்தார்கள்: பெண்களின் படத்தை, பெண் ஒருத்தி, இருட்டறையில், கழுத்துக்குக் கீழே மட்டும் திறக்கலாம். தலை, படத்திலும் மூடியே இருக்க வேண்டும்.

அதன் பிறகு பெண்கள் வந்தார்கள், கோணிய கைகளோடும் பழைய இருமல்களோடும். பேக்கரிக்காரரின் மனைவிக்குக் கையை மறுபடி உடைத்து நேராகக் கட்டினார்கள். இருட்டறைச் சுவரில் வேலை முறை எழுதி ஒட்டியிருந்த அட்டையில் ஒரு வரி கூடியது: டெவலப்பர், அங்கி கழற்றல், தண்ணீர், ஃபிக்ஸர். புதிதாக வருகிறவர்களுக்கு இப்போது நகம் வளர்க்கச் சொல்லித்தருகிறார்கள், ஊசிகளை வாயில் வைக்கக் கூடாது என்றும். படக்காரி ஓய்வு பெற்றபோது அந்த வேலைக்கு வாலு வந்தாள். தலையில் அடிபட்டு வருகிற பெண்களுக்கு அவள் படம் எடுத்து, தொடாமல் அப்படியே மேலே அனுப்புகிறாள். டாக்டர்கள் அதை மாட்டி நெசவைப் பார்த்துவிட்டு, நோயாளியின் கண்ணில் டார்ச் அடித்து உத்தேசமாக ஏதோ சொல்வார்கள். சிலர் பிழைக்கிறார்கள்.

கழற்றிய அங்கிகள் தினம் ஒரு வண்டி சேரும். ஊசிகளைப் பிரித்துவிட்டுத் துணியைப் பக்கத்து அறையில் வெளுத்து, கிழித்து, சுருட்டி, மாடியில் ஆண்கள் பிரிவுக்குக் கட்டுத்துணியாக அனுப்புகிறார்கள். நல்ல துணி, சாயம் போவதில்லை, ரத்தத்தை நன்றாக உறிஞ்சுகிறது என்கிறார்கள்.